எம்.பி.க்கு எழுதினால் படிப்பாரா என்று கேட்டாயே

அன்புள்ள இசக்கி,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். முதல் முறை கடையில் ஆள் நின்றதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு "அவன் குரலே ஒரு மாதிரி இருக்கே, ஒழுங்கா சாப்பிடுதானா" என்று ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது முறைதான் நீ கேட்ட கேள்வி முழுசாகக் காதில் விழுந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் யார் போகிறார்கள் என்று சரியாகச் சொல்கிறாள். சின்னவள் பிளஸ் டூ வந்துவிட்டாள். வீட்டுக் கதையை அப்புறம் எழுதுகிறேன், முதலில் உன் கேள்வி.

"டெலிகாம் கம்பெனிக்காரங்க மறுபடியும் ஏதோ கட்டணம் கேக்காங்களாமே, ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, லிங்கைத் தட்டி பேரு போடச் சொல்லுது, போடவா? எம்.பி.க்கு மெயில் போட்டா அவரு படிக்கவா போறாரு?" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் அனுப்பப் பார்த்தேன், முடியவில்லை. ஏனென்றால் 2015 ஏப்ரலில் இதே கேள்வியை நான்தான் உன்னிடம் கேட்டேன், பதில் சொன்னவன் நீ.

நினைவிருக்கிறதா? தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தாய். டெலிகாம் கம்பெனிகளுக்கு விதி போடுகிற ஆணையமான ட்ராய், அந்த ஆண்டு மார்ச் 27ஆம் தேதி 118 பக்கத்துக்கு ஒரு கலந்தாய்வு அறிக்கை போட்டிருந்தது. இருபது கேள்விகள், ஏப்ரல் 24க்குள் மக்கள் கருத்துச் சொல்ல வேண்டும். வாட்ஸ்ஆப், ஸ்கைப் மாதிரிச் செயலிகளுக்கு லைசென்ஸ் வேண்டுமா, நாம் டேட்டாவுக்குப் பணம் கட்டிய பிறகும் எந்தச் செயலிக்கு என்ன விலை என்று டெலிகாம் கம்பெனிகள் தனித்தனியாகப் பிரிக்கலாமா என்பதுதான் அதன் சாரம். அது வெறும் பயம் இல்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணையவழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, மக்கள் கொதித்ததும் சில நாளில் திரும்பப் பெற்றிருந்தது. 2015 ஏப்ரல் தொடக்கத்தில் ஏர்டெல் ஜீரோ வந்தது, அதாவது எந்த நிறுவனம் ஏர்டெல்லுக்குப் பணம் கட்டுகிறதோ அதன் செயலி மட்டும் வாடிக்கையாளருக்கு இலவசம். பணம் இருக்கிற கடை மெயின் ரோட்டில், இல்லாதவன் கடை முட்டுச்சந்தில், அவ்வளவுதான் விஷயம்.

அந்த அறிக்கையைச் சாதாரண ஆள் படிக்க முடியாது. அதனால் மீடியாநாமா என்ற செய்தித் தளம் நடத்துகிற நிகில் பாவா மாதிரி சிலரும் வக்கீல்களும் மென்பொருள்காரர்களும் சேர்ந்து 'சேவ் தி இன்டர்நெட்' என்று ஒரு தளம் தொடங்கி, இருபது கேள்விக்கும் பதில் எழுதி வைத்து, நாம் திருத்தி ட்ராய்க்கு அனுப்பும்படி செய்தார்கள். ஒரு நகைச்சுவைக் குழு போட்ட வீடியோ அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. இரண்டே வாரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள். ஏப்ரல் 14 அன்று பிளிப்கார்ட் ஏர்டெல் ஜீரோவிலிருந்து விலகியது, மறுநாள் பயண டிக்கெட் தளமான கிளியர்ட்ரிப், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் பேஸ்புக்கின் இன்டர்நெட் டாட் ஆர்க் திட்டத்திலிருந்து விலகியது. ஒடிசாவின் டெங்கானல் எம்.பி. ததாகத சத்பதி ட்ராய்க்கே கடிதம் எழுதினார். மக்களவையில் ராகுல் காந்தி பேசினார், அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் எழுந்து பதில் சொன்னார். அதே வருஷத் தொடக்கத்தில் நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லாத் தளத்தையும் டெலிகாம் கம்பெனி ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற அந்தச் சொல்லே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த லீவில் ஒரு ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்க, நம் கடை இரண்டாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்து நீ அந்த மெயிலைத் திறந்தாய். அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்தவில்லை. "அவங்க எழுதினதை அப்படியே அனுப்பினா இதுல நான் எங்கல இருக்கேன்?" என்றாய். கடைசியில் நாலு வரி நீயாகச் சேர்த்தாய், தப்பும் தவறுமான ஆங்கிலம்தான். ஷார்ஜாவில் வாட்ஸ்ஆப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், ஆனால் கூப்பிட முடியாது, கைக்குழந்தையின் குரலைக் கேட்க காலிங் கார்டு வாங்கி நிமிஷத்தை எண்ணி எண்ணிப் பேசுகிறேன், என் நாட்டிலும் இதைக் கொண்டு வராதீர்கள் என்று எழுதினாய். மறுநாள் அதையே தமிழில் கையால் எழுதி எம்.பி.யின் டெல்லி முகவரிக்குப் பதிவுத் தபாலில் போட்டோம். ஒப்புதல் அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தபோது நீ ஷார்ஜாவுக்குப் போய்விட்டாய். இப்போது பதிவுத் தபாலையே ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அந்த மஞ்சள் அட்டை ரேஷன் கார்டு இருக்கிற டப்பாவில்தான் இன்னும் கிடக்கிறது.

சரி, அதற்கப்புறம் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அப்போது நீ அங்கே நைட் ஷிப்டில் கிடந்தாய். உன் கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

இன்டர்நெட் டாட் ஆர்க், ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம்மில் சில தளங்கள் மட்டும் இலவசம், அந்தச் சிலவற்றுக்குள் எது வரலாம் என்பதற்கான விதியை எழுதுவது பேஸ்புக். 2015 பிப்ரவரியில் அது இந்தியாவுக்கு வந்தபோதே முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. டிசம்பர் 9 அன்று ட்ராய் அடுத்த அறிக்கையை வெளியிட்டது. தளத்துக்குத் தளம் டேட்டா விலை வேறுபடலாமா என்பதைப் பற்றி இந்த முறை நாலே கேள்வி. உடனே பேஸ்புக் தன் இந்தியப் பயனாளர்களின் திரையிலேயே ஒரு பொத்தானை வைத்தது, தட்டினால் 'நான் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன்' என்று ட்ராய்க்கு மெயில் போகும். செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம், ஊர் ஊராகப் பலகை. அப்படிப் போனதும் பத்து லட்சத்துக்கு மேல்! எண்ணிக்கைதான் கணக்கு என்றால் அவர்கள் ஜெயித்திருக்க வேண்டும்.

ஆனால் ட்ராய் என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் கேட்டது நாலு கேள்வி, இந்த மெயில்களில் ஒன்றுக்கும் பதில் இல்லை, கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்றது. ஆலோசனை கேட்கிற இடத்தை நீங்களே ஏற்பாடு செய்த கருத்துக் கணிப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்று ஜனவரியில் பேஸ்புக்குக்குக் கடிதமே எழுதியது. பிப்ரவரி 8, 2016 அன்று விதி வந்தது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக்கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். மூன்றே நாளில் பேஸ்புக் ஃப்ரீ பேசிக்ஸை இந்தியாவில் மூடியது. எந்தத் தளத்தையும் தடுக்கவோ வேகம் குறைக்கவோ கூடாது என்பது 2018 ஜூலையில் டெலிகாம் துறை ஒப்புதல் தந்த பிறகு லைசென்ஸ் நிபந்தனைக்குள் வந்தது.

நம் பக்கத்து மெயில்களும் பெரும்பாலும் யாரோ எழுதி வைத்ததை அப்படியே அனுப்பிய வார்ப்பு மெயில்தானே என்று நீ கேட்பாய். ஆமாம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வார்ப்பு கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, காரணம் சொன்னது. அதற்கு மேல் உன்னை மாதிரி எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக் கதையை நாலு வரி சேர்த்தார்கள். முடிவெடுக்கிறவர் ஒதுக்கிவைக்க முடியாத ஒரு காரணம் அவர் மேஜையில் இருக்க வேண்டும், அதுதான் வேலை செய்கிறது என்று இத்தனை வருஷமாக நம்புகிறேன்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் அப்போது என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது. ஒன்றுமே இல்லாத ஏழைக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்றார்கள். அன்றைக்கு ஒரு ஜிபி வாங்க இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகும், மில் வேலைக்குப் போகிறவன் எங்கே போவான்? ஆனால் நம் கடைக்கு ஒரு பையன் வருவான், பீடி சுற்றுகிற அக்காவின் மகன். சில தளங்கள் மட்டும் ஓசி என்று ஏதோ ஒரு பேக் போட்டிருந்தான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அந்த போனில் திறக்கவில்லை. "அண்ணே, இது கவர்மெண்டுக்கு வேற நெட்டா?" என்று கேட்டான். அவனுக்கு இணையம் என்றால் அந்த நாலைந்து சதுரம்தான். அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்குச் சந்தேகம் வரவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து போட்டியில் விலை சரிந்தபோது அவன் கைக்கு வந்தது முழு இணையம். இன்றைக்கு அவன் அதில்தான் டிசைன் வேலை படித்துப் பிழைக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலை சமமாக இருந்தால் மட்டும் இணையம் திறந்ததாகிவிடாது. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்த மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையம் நிறுத்தப்பட்டது. நீ அங்கேயிருந்து எத்தனை மெசேஜ் போட்டாய், எதுவும் வந்து சேரவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யார் யார் பத்திரம் என்று ஒவ்வொருவராக போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எம்.பி.க்கு எழுதுவதாக இருந்தால் இதையும் எழுத வேண்டும்.

இப்போது நீ அனுப்பிய ஃபார்வர்டுக்கு வருகிறேன். அதில் பாதி மிகைதான், நாளைக்கே உன் அம்மா யூடியூபுக்குப் பணம் கட்டப் போவதில்லை. ஆனால் உள்ளே ஒரு நிஜமான சண்டை இருக்கிறது. வீடியோ, அழைப்பு என்று அதிக டேட்டா ஓடுகிற பெரிய தளங்கள் எங்கள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று டெலிகாம் கம்பெனிகள் சில வருஷமாகவே கேட்கின்றன. 2023 ஜூலையில் ட்ராய் வாட்ஸ்ஆப் மாதிரிச் செயலிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தடுக்கலாமா என்று மறுபடியும் கலந்தாய்வு நடத்தியது. கேட்பதற்கு நியாயம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த டேட்டாவுக்கு நாம் ஏற்கெனவே ரீசார்ஜ் செய்கிறோமே! தென்கொரியாவில் இப்படி நெட்வொர்க் கட்டணம் ஏறிப்போய், 2024 பிப்ரவரியில் ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளம் அந்த நாட்டை விட்டே வெளியேறியது. ட்விட்சுக்குப் பின்னால் அமேசான் இருக்கிறது, அதற்கே இந்தக் கதி என்றால் தமிழில் பாடம் நடத்துகிற ஒரு சின்னத் தளம் என்ன செய்யும்? ஜெயித்த சட்டம் அப்படியே நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் 2015இல் கொண்டுவந்த நெட் நியூட்ராலிட்டி விதியை 2017 டிசம்பரில் எடுத்தார்கள், 2024இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது.

எம்.பி. படிப்பாரா என்றால், எல்லாவற்றையும் அவரே படிக்க மாட்டார். உதவியாளர் பிரிப்பார், ஒரே மாதிரி ஐநூறு வந்தால் ஐநூறு என்று ஒரு எண்ணாகச் சொல்வார். ஆனால் அவர் பயன்படுத்தக்கூடிய ஒன்றைக் கொடுத்தால் எடுத்து வைப்பார். எம்.பி. கையில் இருக்கிற நல்ல ஆயுதம் நாடாளுமன்றக் கேள்வி. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், மக்களவையில் நாளொன்றுக்கு இருபதுக்குத்தான் இடம். குறி இல்லாததற்கு எழுத்தில் பதில் வரும், அது இணையத்தில் ஏறி யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டுகிற அரசுப் பதிவாக நிற்கும். பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு எழுதினால் தாமதம், முன்பே எழுது. 'நெட்வொர்க் கட்டணம் வசூலிக்க அரசிடம் திட்டம் உள்ளதா, 2018 நிபந்தனையோடு அது எப்படிப் பொருந்தும்' என்று நீயே கேள்வியை எழுதிக் கொடு, அவர் அலுவலகத்துக்கு வேலை பாதியாகிவிடும். எம்.பி.க்களின் மின்னஞ்சல் முகவரி நாடாளுமன்றத் தளத்திலேயே இருக்கிறது. ட்ராய்க்கு அனுப்பினால் மட்டும் போன் நம்பர், வீட்டு முகவரி எழுதாதே, அங்கே வரும் கருத்துகள் பொதுவெளியில் போடப்படும்.

நீ வெளிநாட்டில் இருப்பதால் உரிமை இல்லையோ என்று தயங்காதே. பாஸ்போர்ட் இந்தியாவுடையது, வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், நம் தொகுதி எம்.பி. உனக்கும் எம்.பி.தான். அந்த லிங்கைத் தட்டுவதானால் தட்டு, தப்பில்லை. ஆனால் பூட்டிய இணையத்துக்குள் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தவன் நீ, வீட்டுக்குப் பேச மாசாமாசம் தனியாகப் பணம் கட்டுகிறவன் நீ. என்னால் அதை எழுத முடியாது, இசக்கி, நான் படித்துத் தெரிந்துகொண்டது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, தமிழிலேயே எழுது. சின்னவள் டைப் அடித்துத் தருகிறேன் என்கிறாள், அவளுக்கும் மூன்று வரி சேர்க்க வேண்டுமாம், எதைப் பற்றி என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அம்மா ஒரு கிலோ சுக்கு மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறாள், நம்மூர்ப் பையன் யாராவது லீவு முடிந்து அங்கே வந்தால் சொல், கொடுத்து அனுப்புகிறேன். இந்தத் தடவை தீபாவளிக்காவது வரப் பார். இரண்டாம் நம்பர் சிஸ்டம் போய்விட்டது, மேஜை அங்கேயேதான் கிடக்கிறது.

அன்புடன்,
ஜெபராஜ்