கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று நீ அந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பாட்டை வெளியிட வேண்டுமானால் உரிமையில் பாதியை எழுதிக் கொடு என்கிறார்கள். பெரிய இடம், விட்டால் திரும்ப வராது என்று நீயும் கலங்குகிறாய். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ போட்டுப் போட்டுக் கேட்டு எனக்கும் பழகிப்போன குரல் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனுடையது. டென்னசி மலைப்பக்கத்து ஏழை வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்கு அவருடைய அப்பா ஒரு மூட்டை சோளமாவுதான் கொடுத்தாராம். 1964இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே, பாட்டுத் தொழிலுக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

தன்னை டிவியில் பாட வைத்த போர்ட்டர் வேகனரை விட்டு விலக நினைத்தபோது, பேசிப் புரியவைக்க முடியாமல் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்று ஒரு பாட்டு எழுதினார். அதை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். எல்விஸே பாடுகிறார் என்றால் சும்மாவா? ஆனால் அவருடைய மேனேஜர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி கொடுக்கவில்லை. அன்று இரவெல்லாம் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த அழுகையை நினைத்தால் எனக்கு நீதான் கண்ணில் நிற்கிறாய்.

1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடினார். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம். எழுதியவருக்கு வர வேண்டிய பணம் பங்கு போகாமல் டாலிக்கு வந்தது. ஆனால் நடுவில் எத்தனை வருஷம் பார்! இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்தா அவர் மறுத்தார்? உன் பாட்டுக்கும் அப்படி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நீ எழுதியது உன்னிடம் இருக்கட்டும், அவ்வளவுதான்.

டாலியின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரை நினைத்துத்தான் 1995இல் சின்னப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் இலவசமாக அனுப்பத் தொடங்கினார். உன் தாத்தாவும் கைநாட்டுதான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு தாளில் விரலை வைத்ததில் கிணற்றுப் பங்கு போனது. அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தாளை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டு. அதுவரை கையெழுத்துப் போடாதே. வாடகைக்குக் குறைந்தால் சொல், சீட்டுப் பணம் வந்திருக்கிறது, அனுப்புகிறேன்.

உன் அம்மா