அரிசி ராஜா எந்த மாநிலத்து யானை?

ஆசிரியருக்கு,

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் படங்கள் பிரமாதம். ஆனால் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்று மாநிலங்களும் கைகோத்துக் காக்கும் காடு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைப் படித்தபோது எங்கள் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் நிறையப் பேர் சிரித்திருப்பார்கள்.

1986-ல் அறிவித்தது, நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம், 5,520 சதுர கிலோமீட்டர், 2000-ல் யுனெஸ்கோ அங்கீகாரம், எல்லாம் சரி. காகிதத்தில் அது ஒரே காடுதான். நடைமுறையில் முதுமலை அதிகாரி சென்னைக்குப் பதில் சொல்கிறார், பந்திப்பூர்க்காரர் பெங்களூருக்கு, வயநாட்டுக்காரர் திருவனந்தபுரத்துக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. உயிர்க்கோளக் காப்பகம் என்ற பெயருக்கு மட்டும் அதில் தனியாக எந்த அதிகாரமும் கிடையாது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம்.

அரிசி ராஜாவின் கதை உங்கள் நிருபருக்குத் தெரியாமல் இருக்காது. வனத்துறை ஏட்டில் பி.எம்.2, அதாவது பந்தலூர் மக்னா 2. மக்னா என்றால் தந்தமில்லாத ஆண் யானை. அரிசிக்காக வீட்டுச் சுவரை இடிக்கிற பழக்கம், அதனால் ஊர் வைத்த பெயர் அது. ஓர் உயிரும் போன பிறகு 2022 டிசம்பரில் பிடித்து, கழுத்தில் இருக்குமிடம் காட்டும் ரேடியோ காலர் மாட்டி, முதுமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அது பாட்டுக்கு நடந்து அடுத்த ஜனவரியில் கேரளத்து வயநாட்டில் இருக்கும் சுல்தான் பத்தேரி டவுனுக்குள் போய் நின்றது. ஊர் அடங்கிய நேரத்தில் கடைத்தெரு நடைபாதையில் போன ஒருவரை அது தும்பிக்கையால் அடித்துத் தள்ளுகிற சிசிடிவி காட்சியை அப்போது எல்லா சேனலிலும் போட்டார்கள். கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து முத்தங்கா யானை முகாமில் கூண்டில் அடைத்தது. நம் பக்கத்துத் தலைவலி அவர்கள் தலைக்குப் போனது, அவ்வளவுதான்.

சரி, அதிலிருந்தாவது பாடம் படித்தார்களா என்றால், 2024 பிப்ரவரியில் பேலூர் மக்னா. கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில் பிடித்து, காலர் மாட்டிக் காட்டில் விட்ட யானை எல்லை தாண்டி வந்து வயநாட்டு மானந்தவாடி பக்கத்தில் ஒருவரை வீட்டு வளாகத்துக்குள்ளேயே துரத்திக் கொன்றது. கழுத்தில் காலர் இருந்தும் அது எங்கே நிற்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நேரத்துக்குத் தெரியவில்லை. சிக்னல் விவரம் சரியாக வரவில்லை என்று கேரளத் தரப்பு சொல்ல, கொடுத்தோமே என்று கர்நாடகத் தரப்பு சொல்ல, செத்தவர் குடும்பம் சடலத்தை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றது.

அப்புறம் அதே வருஷம் மார்ச்சில் பந்திப்பூரில் கூட்டம் போட்டு, மாநிலங்களுக்கு இடையே தகவலைப் பகிர்ந்துகொள்வதாக ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எந்த ஒப்பந்தமும் ராத்திரி ரோந்து போகிற வனத்துறை வாச்சரின் கைபேசிக்கு வந்து சேர்ந்தால்தான் உபயோகம். காலர் போட்ட யானை மாநில எல்லைக்குப் பக்கத்தில் வருகிறது என்றால் அடுத்த மாநில ரேஞ்சருக்கும் அதே நிமிஷம் தெரியவேண்டும். அவர் கடிதம் எழுதிக் கேட்டு, மேலிடம் அனுமதித்து, அப்புறம் காலரின் சிக்னலைப் பிடிக்கிற அலைவரிசை எண் வருவதற்குள் யானை நாலு ஊரைத் தாண்டியிருக்கும். காலரை மாட்டுகிற அன்றைக்கே மூன்று வனத்துறைக்கும் விவரத்தை அனுப்ப என்ன கஷ்டம்?

  

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பந்திப்பூரில் ஒப்புக்கொண்டதில் எது நடந்தது, எது கிடப்பில் கிடக்கிறது என்று மூன்று மாநில வனத்துறையிடமும் நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கட்டுரையில் புலிப் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கூடலூர்