ஷ்லியாப்னிகோவைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுங்கள், தோழர்களே

நவம்பர் 7 புரட்சி நாள் கூட்டங்களும் அரசியல் வகுப்புகளும் நடத்தும் இடதுசாரித் தொழிற்சங்கத் தோழர்களுக்கு,

வணக்கம். உங்கள் கூட்டங்களில் லெனின் வருகிறார். இடத்தைப் பொறுத்து ஸ்டாலினும் வருகிறார். பேசுகிறவருக்குக் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட புகாரின் பெயர்கூடக் காதில் விழும். ஆனால் 1917இல் ரஷ்யாவில் அக்டோபர் புரட்சி அமைத்த அரசில் முதல் தொழிலாளர் துறைக் கமிசார் (அதாவது அமைச்சர்) யார் என்று கேட்டுப் பாருங்கள், மேடையில் இருப்பவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தொழிற்சங்க மேடையில் இது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

அவர் பெயர் அலெக்சாந்தர் ஷ்லியாப்னிகோவ். 1885இல் முரோம் நகரத்தில், சர்ச்சோடு ஒத்துப்போகாத 'பழைய நம்பிக்கையாளர்' குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், படிப்பு மூன்று வருஷத்தோடு சரி. சிறுவயதிலேயே ஆலைக்குப் போனவர், பீட்டர்ஸ்பர்க்கில் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு வேலையை இழந்தார், எந்த ஆலையும் சேர்த்துக்கொள்ளாத கறுப்புப் பட்டியலில் ஏறினார், சிறைக்கும் போனார். 1908இல் நாட்டை விட்டு வெளியேறிய பிறகும், மற்ற பல தலைவர்களைப் போல நூலகத்தில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கவில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என்று போன இடமெல்லாம் உலோகத் தொழிலாளியாகத்தான் சம்பாதித்தார். 1914இல் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரில் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு பீட்டர்ஸ்பர்க் ஆலைகளில் வேலை பார்த்தார். உலகப் போர் நடந்த வருஷங்களில் ஸ்வீடன், நார்வே வழியாக லெனினுக்கும் ரஷ்யாவில் இருந்த தோழர்களுக்கும் இடையே கடிதமும் பத்திரிகையும் போய்வர வழி செய்ததும் இவர்தான்.

1917 பிப்ரவரியில் லெனின் சூரிச்சில், டிராட்ஸ்கியும் புகாரினும் நியூயார்க்கில், ஸ்டாலின் சைபீரியாவில். பெட்ரோகிராடில் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) போல்ஷ்விக் கட்சி மத்தியக் குழுவின் ரஷ்யப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஷ்லியாப்னிகோவ், மொலோடோவ், சலுத்ஸ்கி மூன்று பேர்தான். அப்புறம் உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவராகி முதலாளிகளோடு சம்பள ஒப்பந்தம் பேசினார். அக்டோபரில் கமிசார் ஆனார்.

இதுவரை சொன்னதை வகுப்பில் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது. சிக்கல் 1920இல் தொடங்குகிறது.

உள்நாட்டுப் போர் முடிகிற நேரம், ஆலைகளை யார் நடத்துவது என்று கட்சிக்குள் பெரிய சண்டை. சங்கங்களை அரசோடு சேர்த்துவிட வேண்டும் என்றார் டிராட்ஸ்கி. சங்கம் கம்யூனிசத்தின் பள்ளி என்றார் லெனின். இந்த வாசகம் உங்கள் வகுப்புகளில் இன்றும் வருகிறது. மூன்றாவது தரப்பு ஷ்லியாப்னிகோவும் கொலன்தாயும் மெத்வெதேவும் நின்ற 'தொழிலாளர் எதிர்ப்பு அணி'. பொருளாதாரத்தைத் தொழிலாளர்களே தங்கள் சங்கங்கள் வழியாக, உற்பத்தியாளர்களின் மாநாடு ஒன்றைக் கூட்டி நடத்தட்டும் என்றது அது. இதை அவர்கள் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. நாட்டின் பொருளாதார நிர்வாகம் முழுவதும் சங்கங்களின் கைக்கு வந்து சேர வேண்டும் என்று 1919ஆம் ஆண்டுக் கட்சித் திட்டத்திலேயே எழுதியிருந்தது. எழுதியதைச் செய்யுங்கள் என்றார்கள், அவ்வளவுதான்.

1921 மார்ச்சில் நடந்த பத்தாவது காங்கிரஸ் அதைச் 'சிண்டிகலிச (கட்சி வேண்டாம், சங்கங்களே ஆலைகளை ஆளட்டும் என்கிற), அராஜகவாதத் திரிபு' என்று தீர்மானம் போட்டுத் தள்ளியது. கட்சிக்குள் அணி சேர்வதையே தடை செய்தது. மத்தியக் குழு உறுப்பினரையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் வெளியேற்றலாம் என்று அந்தத் தடைத் தீர்மானத்தில் ஒரு ஏழாவது பிரிவையும் சேர்த்தார்கள். 1924 வரை அது வெளியிடப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதே காங்கிரஸ் ஷ்லியாப்னிகோவை மத்தியக் குழுவுக்கும் தேர்ந்தெடுத்தது.

அடுத்து மே மாதம் நடந்ததைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். உலோகத் தொழிலாளர் சங்க மாநாட்டுக்குக் கட்சியின் மத்தியக் குழு ஒரு நிர்வாகிகள் பட்டியலை அனுப்பியது. சங்கத்துக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளே, ஆமாம், கம்யூனிஸ்டுகளேதான், அதை 120க்கு 40 என்று தோற்கடித்தார்கள். மத்தியக் குழு அதைக் கண்டுகொள்ளாமல் தன் பட்டியலையே நியமித்தது. ஷ்லியாப்னிகோவ் பதவியைத் தூக்கி எறிந்தார். ஆகஸ்டில், ஒரு கட்சிக் கிளைக் கூட்டத்தில் அரசின் பொருளாதார முடிவை விமர்சித்துப் பேசினார் என்பதற்காக அவரை வெளியேற்ற லெனினே முயன்றார், வாக்கு போதவில்லை. அடுத்த வருஷக் காங்கிரஸில், ஆலைகள் மூடிக்கிடப்பதால் தொழிலாளி வர்க்கம் என்ற ஒன்றே ரஷ்யாவில் இல்லாமல் போய்விட்டது என்ற பொருளில் லெனின் பேச, அப்படியானால் இல்லாத வர்க்கத்தின் முன்னணிப் படையாக இருக்கும் உங்களுக்கு என் வாழ்த்துகள் என்று எழுந்து சொன்னவரும் இவர்தான். (இந்த மாதிரி ஆள் ஒருவர் உங்கள் மாநிலக் குழுவில் இருந்தால் எத்தனை நாள் தாங்குவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.)

இதன்பின் நடந்தது மெதுவான ஒதுக்கல். 1917 பற்றி அவர் பல பாகங்களாக எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஸ்டாலின் பெரிய ஆளாகத் தெரியவில்லை, காரணம் அவர் அப்போது பெரிய ஆளாக இல்லை. 1932இல் அதற்காக அவரைத் தவறை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 1933இல் கட்சியிலிருந்து நீக்கம், லெனின்கிராட் கட்சித் தலைவர் கீரோவின் கொலைக்குப் பின் 1935 ஜனவரியில் கைது, சிறை, ரஷ்யாவுக்குள்ளேயே அஸ்திரகான் நகரத்தில் கட்டாய வாசம், 1936இல் மறுபடி கைது. காது கேட்காமல், உடம்பு முடியாமல் இருந்த மனிதர், விசாரணையில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் அவரை, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து ஊரறிய நடத்திய மாஸ்கோ காட்சி விசாரணை மேடைகளில் பார்க்க முடியாது. 1937 செப்டம்பர் 2இல் மூடிய அறையில் விசாரணை, அன்றே சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் மெத்வெதேவும் போனார், அவரும் ஒப்புக்கொள்ளாதவர். ஷ்லியாப்னிகோவின் மனைவி முகாமுக்கு, பிள்ளைகள் அநாதை இல்லத்துக்கு. 1963இல் குற்றமற்றவர் என்றார்கள், கட்சி உறுப்பினராகத் திரும்பச் சேர்த்துக்கொள்ள 1988 வரை ஆனது.

அவர் புனிதர் இல்லை. 1921இல் போல்ஷ்விக் அரசை எதிர்த்துக் கிளம்பிய கிரான்ஸ்டாட் கடற்படைத் தள மாலுமிகளின் கிளர்ச்சியை அவரும் ஆதரிக்கவில்லை, அதை நசுக்கப் போனவர்களில் அவர் அணியினரும் இருந்தார்கள். அவர் கேட்ட ஜனநாயகம் முதலில் கட்சிக்கும் சங்கத்துக்கும்தான், ஊருக்கெல்லாம் இல்லை. இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

முற்றுகை, பஞ்சம், உள்நாட்டுப் போர், அந்தச் சூழ்நிலையில் வேறு வழி இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். 1921க்கு அந்தப் பதிலை ஓரளவு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சோவியத் தொழிற்சங்கங்களின் ஒன்பதாவது காங்கிரஸ் 1932இல் நடந்தது, பத்தாவது 1949இல். நடுவில் பதினேழு வருஷம். போர் வந்த வருஷங்களைக் கழித்தாலும் மீதி வருஷங்களுக்கு என்ன பதில்? அந்த இடைவெளியில்தான், 1940இல், அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை, இருபது நிமிஷத்துக்கு மேல் தாமதமாக வந்தால் அதுவும் குற்றம் என்று சட்டம் வந்தது. எந்தச் சங்கமும் எதிர்த்து வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடியவர்கள் யாரும் மிச்சமில்லை. சங்கங்களுக்குத் தலைவராக இருந்த தோம்ஸ்கி 1936 ஆகஸ்டிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்திருந்தார். உங்கள் சங்கத்தில் பதினேழு வருஷம் மாநாடு கூட்டாமல் இருந்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

ஸ்டாலின் கெட்டவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது, சிலர் அப்படி முடித்துக்கொள்கிறார்கள். 120க்கு 40 என்று தோற்ற பட்டியல் ஜெயித்தபோது ஸ்டாலின் தனியாக இல்லை, பெரிய தலைவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். அவர்களில் பலரை அடுத்த பதினைந்து, பதினாறு வருஷத்தில் அதே விதியும் அதே வழக்கமும் விழுங்கின. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான், நீங்கள் வகுப்பில் தாண்டிப் போவதும் இதே இடத்தைத்தான்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த வருஷ வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1919 திட்டத்தில் சங்கங்களைப் பற்றி வரும் பத்தியைச் சத்தமாக வாசியுங்கள், பிறகு 1921 மே மாதக் கதையைச் சொல்லுங்கள். அந்த மாநாட்டில் நீங்கள் இருந்திருந்தால், மேலிடத்துப் பட்டியலுக்குக் கை தூக்கியிருப்பீர்களா என்று உறுப்பினர்களிடம் கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்லட்டும், மேடையில் இருப்பவர்கள் கடைசியில் பேசுங்கள்.

தோழமையுடன்,
ஒரு சங்க உறுப்பினர்