மண்டபத்தை அந்த மெஷின்காரர்களுக்குக் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து மாரியம்மன் ஆலயத் தலைவர், செயலவையினர், இளைஞர் பகுதி, மகளிர் பகுதி அனைவருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் "இலவச இதயப் பரிசோதனை" நடக்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். கையில் ஒரு கம்பியைப் பிடித்தால் போதுமாம். இதயம், கல்லீரல், சிறுநீரகம், எலும்பு என்று எல்லாவற்றின் நிலையையும் ஒரே நிமிடத்தில் கணினி சொல்லிவிடுமாம். தோட்ட ஆஸ்பத்திரியிலும் பிறகு அரசாங்கக் கிளினிக்கிலும் எச்.ஏ.வாக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளங்கையில் கம்பியைப் பிடித்து இதயக் குழாயின் அடைப்பைக் கண்டுபிடிக்கும் மெஷின் எங்கேயும் இல்லை. அந்தச் சோதனை எப்படித் தொடங்கினாலும் கடைசியில் ஒரு சத்துமாவு டப்பாவில்தான் போய் முடியும்.

டப்பா வாங்கிப் பணம் போனால் கூடப் பரவாயில்லை, சம்பாதித்துக்கொள்ளலாம். இதே மாதிரி ஒரு மெஷினில் "எல்லாம் பச்சை" என்று வந்ததால், நம் தாமானில் ஓர் அம்மா ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். கிளினிக்கில் கேட்டபோது, "அதான் ஹார்ட் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களே" என்றார். மாத்திரை சாப்பிட்டதால்தான் நன்றாக இருந்தது என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மெஷினை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நெஞ்சில் என்ன வந்தாலும் நாமே பெயர் வைத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. காஸ், வாயு, சளிக்கட்டு, மூச்சுப் பிடிப்பு, "வெயில்ல குலை வெட்டுன அசதி". இந்தப் பட்டியலில் மாரடைப்பு மட்டும் வராது.

ஒரு பௌர்ணமி பூஜை அன்று, அன்னதானம் முடிந்து கை கழுவிவிட்டு வந்தவர் மண்டபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லோரி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். தலைக்கு மேலே மின்விசிறி சுழல்கிறது, ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. விரல்களை விரித்து உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, "இங்க ஒரு மாதிரி பிசையுது" என்றார். ஒருவர் ஈனோ கரைத்துக் கொண்டுவந்தார். இன்னொருவர் சட்டை பொத்தானைக் கழற்றிக் கோடாலித் தைலம் தேய்த்தார். மூன்றாமவர், "சாம்பார்ல பருப்பு ஜாஸ்தி, அதான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஈனோ குடித்ததும் பெரிய ஏப்பம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். நான் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆம்புலன்சுக்கு 999-ஐ அழைத்தேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தவுடன் தெரிந்துவிட்டது, இதயத்தின் அடிச்சுவரில் அடைப்பு. ஈப்போவுக்கு அனுப்பினார்கள், குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டெண்ட் வைத்தார்கள். இன்றைக்கும் லோரிதான் ஓட்டுகிறார்.

அந்த ஏப்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இதயத்தின் அடிப்பாகம் உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கிறது; அதற்குக் கீழேதான் இரைப்பை. இரண்டிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையாலேயே சரியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இதயம் அடைபட்டாலும் குமட்டும், ஏப்பம் வரும், மேல்வயிறு எரியும். ஈனோ குடித்து வலி குறைந்ததால் அது காஸ்தான் என்று சொல்லிவிட முடியாது. மாரடைப்பு வலியும் சற்று அடங்கி மறுபடி எழும்புவது உண்டு.

இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருப்பதால் வலியே தெரியாமலும் வரலாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், அவ்வளவுதான். பெண்களுக்கும் பல நேரங்களில் அப்படித்தான்: தாடை வலி, முதுகு வலி, சொல்லமுடியாத களைப்பு. மகளிர் பகுதித் தலைவி அவர்கள் இதை மட்டுமாவது தனியாக எடுத்துச் சொன்னால் நல்லது. வீட்டில் எல்லாருக்கும் சமைத்து முடித்துவிட்டுத்தான் நம் பெண்கள் தங்கள் வலியைப் பற்றி வாய் திறக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நடப்பதையும் சொல்கிறேன். நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள், மறுபடி எடுப்பார்கள். ட்ரோப்போனின் என்ற ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டுத் திரும்பச் செய்வார்கள், ஏனென்றால் இதயத் தசை பாதிக்கப்பட்டு ட்ரோப்போனின் அதிலிருந்து ரத்தத்தில் ஏறிவர நேரமாகும். படித்த டாக்டரே இரண்டு மூன்று தடவை பார்த்துத்தான் "இல்லை" என்று சொல்கிறார். நம் மண்டபத்தில் சாம்பாரைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

குழாய் முழுதாக அடைத்துக்கொண்ட மாரடைப்பென்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள், அல்லது பலூன் வைத்துத் திறப்பார்கள். அந்த ஊசி முதல் 12 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "காலையில பார்த்துக்கலாம்" என்று படுப்பவர் இழப்பது தூக்கத்தை அல்ல, இதயத் தசையை.

ஏன் போகமாட்டேன் என்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வராவிட்டால் அன்றைய கூலி போச்சு. எம்.சி. (மருத்துவ விடுப்பு) கேட்டால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முகத்தைச் சுளிப்பார். போய் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் நாலு பேர் கேலி செய்வார்கள். இந்தக் கேலிதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தவரைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

இளைஞர் பகுதித் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் கடிகாரம் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று சுற்றி வருவதை நம்ப வேண்டாம். நாக்கடியில் வைக்கும் மாத்திரையை அடுத்த வீட்டு ஐயாவிடம் வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும், ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிட்டிருந்தால் இன்னும் மோசம்.

2022-இல் மலேசியாவில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 16.1 விழுக்காடு இதயக் குழாய் அடைப்பால் வந்தவை, மற்ற எல்லாக் காரணங்களையும்விட அதிகம். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இனிப்புநீர் மிக அதிகமாக இருந்தது இந்தியர்களிடம்தான்: 31.4 விழுக்காடு. நம் பந்தியில் உட்காரும் பெரியவர்களில் மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் என் கோரிக்கை. அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த தேதியைத் திரும்ப வாங்குங்கள். அதே நாளில் வட்டாரக் கிளினிக்கிலிருந்து ஆட்களை அழைத்து ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்கச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித் தொகை வாங்கும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவும் 2013-இல் தொடங்கி 40 வயதைத் தொட்ட சந்தாதாரர்களுக்குப் பரிசோதனை கொடுத்து வருகிறது. உரிமையாகக் கிடைப்பதை விட்டுவிட்டு மெஷின்காரரிடம் போய் நிற்கிறோம்.

இன்னொன்று, காவடி நேரத்தில் ஒருவர் சாய்ந்தால் அருள் என்று சுற்றி நின்று வேப்பிலை வீசுகிறோம். அருளா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை. தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 999-ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு. இளைஞர் பகுதியில் பத்துப் பேருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவிக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிய கூட்டம் நாம், இதற்கு உண்டியல் தாங்கும்.

கடைசியாக, காசே ஆகாத ஒரு வேலை. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குக் "கீழ்த்தோட்டம், புது லயம், பெரிய அரசமரம்" என்றால் புரியாது. சாலையின் பெயர், எத்தனையாம் கட்டை, எந்தச் சிம்பாங்கில் (சந்திப்பில்) திரும்ப வேண்டும் என்பதை மலாயிலும் தமிழிலும் எழுதி மண்டபச் சுவரிலும் ஒவ்வொரு லயத்தின் முதல் வீட்டுக் கதவிலும் ஒட்டுங்கள். இரவில் அழைத்தால் ஒருவர் டார்ச் லைட்டோடு சிம்பாங்கில் போய் நிற்க வேண்டும், யார் யார் என்று இப்போதே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரை முதலில் போடலாம்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இந்த மடலைப் படித்து, முடிவைப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆலய உறுப்பினர், ஓய்வு பெற்ற எச்.ஏ.