இலையின் இடது பக்கம்

எங்கள் தெருவாருக்கும், ஆட்டோ அண்ணாச்சிக்கும், பயிற்சி கொடுக்க வந்த தங்கச்சிக்கும்,

பக்கவாதம் வந்து அப்பா வீடு திரும்பிய முதல் ஞாயிறு. அம்மா சொதி வைத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் அப்பா, "இஞ்சிப் பச்சடி எங்க? அது இல்லாம என்ன சொதி?" என்று சத்தம் போட்டார். பச்சடி இலையின் இடது ஓரத்தில் தொடாமல் கிடந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் இலையைத் திருப்பிப் போட்டாள். "இப்பதான் வைக்கியா?" என்றபடி சாப்பிட்டார்.

கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தோம். போன இடத்தில் புதுக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். அந்தக் காசு போனது போனதுதான். பேருந்துப் பலகையில் பாளையங்கோட்டையும் அவருக்குக் 'கோட்டை', செங்கோட்டையும் 'கோட்டை'!

தங்கச்சி, விஷயத்தைப் புரியவைத்தது நீங்கள்தான். கண் பார்க்கிறது, மூளையின் வலது பக்கம் அடிபட்டதால் கவனம் இடப்பக்கம் போகவில்லை என்றீர்கள். கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொன்னால், அப்பா வலது ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம் தெருவின் கிழக்கு முனையில் நிற்பதாக நினைத்து வீடுகளைச் சொல்லச் சொன்னீர்கள். வலது பக்க வீடுகள் மட்டும் வந்தன. மேற்கு முனையிலிருந்து சொல்லச் சொன்னதும், விட்டுப்போன வீடெல்லாம் வரிசையாக வந்தது. முதலில் சொன்னவை காணாமல் போயின. இத்தாலியில் மிலான் நகரச் சதுக்கத்தை வைத்து 1978-இலேயே இப்படிச் சோதித்திருக்கிறார்கள் என்றீர்கள். நினைவுக்குள்ளும் இடப்பக்கம் விட்டுப்போகுமா என்று நான் அசந்துபோனேன்.

எதிர்வீட்டு அத்தை, முதல் தடவை அப்பா உங்கள் வீட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கோவிச்சுக்காதீங்க. தினமும் பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் ஒட்டி, "சிவப்பைப் பார்த்துட்டு வாசிங்க அண்ணே" என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள்தானே.

ஆட்டோ அண்ணாச்சி, நீங்கள் இடப்பக்கம் நின்றுதான் பேசுவீர்கள். அப்பா திரும்பிப் பார்க்கும்வரை வண்டியை எடுக்க மாட்டீர்கள். சவாரி போனாலும் சரி என்று காத்திருந்தீர்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் காசே வாங்கவில்லை.

இப்போது பலகையை முழுசாக வாசிக்கிறார். களைத்துப்போனால் மட்டும் பழையபடி 'கோட்டை'தான். இடது கால் செருப்பை இன்னும் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

வருகிற ஞாயிறு சொதி. எல்லோரும் வந்துவிடுங்கள். பச்சடியை இடது ஓரத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டார் அப்பா.

அன்புடன்,
மூத்த மகள், பாளையங்கோட்டை