கடைசி 260 கடல் மைலுக்கு முன்னால்

தம்பி,

நேற்று ராத்திரி நீ போட்ட இரண்டு வரி கிடைத்தது. பாய்மரப் படகு சுமத்ரா முனையில் இருக்கிற சபாங் வந்தாயிற்று, டீசலும் தண்ணீரும் பிடித்ததும் உடனே கிளம்பி சனிக்கிழமைக்குள் லங்காவித் தீவு, ஞாயிறு காலை பீடோங்கில் நம் வீடு என்று. அப்பா சந்தோஷத்தில் பழைய மேப்பை எடுத்து மேசையில் விரித்துவிட்டார். எனக்குப் பாதி சந்தோஷம், பாதி வயிற்றைக் கலக்குகிறது. அங்கே சிக்னல் இருக்கும்போதே படிக்கட்டும் என்றுதான் நீளமாக எழுதுகிறேன், முதல் வரியோடு விட்டுவிடாதே.

இந்த அவசரம் எதற்கு என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி காலியாக இருக்கக்கூடாது என்று அவள் உன்னைப் பிடுங்கி எடுத்திருப்பாள்.

நான் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டின காலத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை, வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மேட்டுக்காட்டில் நிரை, என் பங்கு மர வரிசை. நல்ல பால். இரண்டு வாளியையும் தோளில் சுமக்கிற காண்டாக் கம்பில் மாட்டி, சறுக்கும் செம்மண் மேட்டில் ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கி வந்துவிட்டேன். ஸ்டோர் கண்ணுக்குத் தெரிகிறது, தராசு தெரிகிறது, கணக்கெழுதுகிற கிராணி ஏட்டை விரித்து வைத்திருப்பதுகூடத் தெரிகிறது. நடுவில் கால்வாய் மேல் ஒரு பலகை, தினமும் நடக்கிற பலகைதான். ஸ்டோரைப் பார்த்ததும் கால் தன்னால் வேகம் எடுத்துவிட்டது. அவ்வளவுதான், நானும் வாளியும் கால்வாயில். தண்ணீர் முழுக்க வெள்ளை, அதில் யார் வீட்டு வாத்தோ இரண்டு ஒன்றும் நடக்காதது போல நீந்திப் போகிறது. அன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார்கள், பாதி நாள் சம்பளம். சாயங்காலம் முழங்காலில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. மேட்டில் விழவில்லை பார், பலகையில்தான் விழுந்தேன்.

மொரீசியஸிலிருந்து மாலத்தீவு, மாலத்தீவிலிருந்து சபாங் என்று அத்தனை பெரிய தண்ணீரைத் தாண்டிவிட்டாய். மிச்சம் இருப்பது 260 கடல் மைல், அதுதான் உன் பலகை என்று எனக்குத் தோன்றுகிறது. நீயே எழுதியிருந்தாயே, நடுக்கடலில் ஒரு வாரம் ஒரு விளக்குக்கூடக் காணோம், இனிமேல்தான் மலாக்கா நீரிணைக்குப் போகிற வருகிற பெரிய கப்பல் வரிசையைக் குறுக்கே வெட்ட வேண்டும், கரை நெருங்கினால் மீன்பிடிப் படகும் வலையும், சுமத்ரா ஆறுகள் அடித்துக்கொண்டு வருகிற மரக்கட்டையும் என்று. கட்டை ராத்திரியில் தெரியுமா? தூக்கக் கலக்கத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு வலை தெரியுமா?

அப்புறம் சுமத்ரா காற்று, மேற்கிலிருந்து திடீரென்று மழையோடு அடிக்கிற சூறை. அதை உங்கள் கேப்டனைவிட நான் அதிகம் பார்த்திருப்பேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்கிற நேரம், இன்னும் இருட்டு, மேற்கே கடல் பக்கம் சத்தமில்லாமல் மின்னும். புழுக்கமாக இருந்த காற்று சட்டென்று குளிர்ந்துவிடும். அப்போதே தெரியும், இன்றைக்குப் பால் வடிகிற மங்கெல்லாம் மழைத்தண்ணீர்தான் என்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இந்தத் தொல்லை, பெரும்பாலும் ராத்திரியிலோ விடியற்காலையிலோதான் வரும். நாங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பி ஓடிவிடுவோம். நீ எங்கே ஓடுவாய்? அதனால் மின்னலைப் பார்த்ததுமே பாயை இறக்கிவிடு, காற்று வரட்டும் என்று காத்திருக்காதே.

உன் பாட்டி ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தது 1937ல், அடுத்த வருஷமே இந்திய அரசு தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. பினாங்கு வரப்போகிறது என்று கடைசி ராத்திரி டெக்கில் ஒருத்தரும் தூங்கவில்லையாம். மூட்டையைக் கட்டி, தலை வாரி, இருக்கிற நல்ல சேலையை உடுத்தி விடிய விடிய உட்கார்ந்திருந்தார்களாம். விடிந்து பார்த்தால் இறக்கிவிட்டது ஜெரெஜாக் தீவில், நோய்த்தடுப்பு முகாமில். உடுத்தின சேலையெல்லாம் மருந்துத் தண்ணீருக்குப் போயிற்று. இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி சிரிப்பார், ஆனால் அந்தச் சேலையின் கரை என்ன நிறம் என்று கடைசிவரை மறக்கவில்லை.

நீயும் முதலில் எங்களிடம் வரமுடியாது, லங்காவியின் குவா துறைமுகத்தில் இமிகிரேஷன், சுங்கம், துறைமுக அலுவலகம் என்று மூன்று கதவு தட்ட வேண்டும். வார இறுதியில் போய் நின்றால் என்ன ஆகும் என்று விசாரித்துக்கொள்.

1999ல் அசார் மன்சூர் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிவிட்டு லங்காவி திரும்பியதை டிவியில் பார்த்துவிட்டு, தென்னம்பாளையில் துணி கட்டி வீட்டுப் பின்னால் கால்வாயில் விட்டாயே, அது மதகில் போய்ச் சொருகியதற்கு இரண்டு நாள் அழுதாய். அந்தப் பையன்தான் இப்போது சபாங்கில் இருக்கிறான் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

வானம் தெளிவாக இருந்தால் லங்காவியை நெருங்கும்போது தென்கிழக்கே பார், ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர், நம் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது நான் தினமும் பார்க்கிற அதே மலை. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் வங்கக் கடலைத் தாண்டி வந்து அதை அடையாளம் வைத்துத்தான் கடாரத்துக்குள், அதாவது நம் கெடாவுக்குள், நுழைந்தார்கள் என்று பூஜாங் பள்ளத்தாக்கு மியூசியத்துக்குக் கூட்டிப்போனபோது உன் அப்பா ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாரே. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான். நீ எதையும் கொள்ள வேண்டாம், முழுசாக வந்து சேர். சாக்லேட்டும் வாங்காதே, அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது.

குவாவுக்கு நான் வரமாட்டேன். பெர்ரி ஏறினாலே எனக்கு வாந்தி, நான் பெற்றது எப்படி இப்படி ஆனதோ. கோலக்கெடா ஜெட்டியில் நிற்கிறேன்.

காதுகுத்தைப் பற்றி அக்காவிடம் நானே பேசிவிட்டேன், முதலில் முகத்தைத் தூக்கினாள், அப்புறம் சரி என்றாள். ஆவணியில் இன்னொரு நல்ல நாள் இருக்கிறதாம், கோயில் ஐயர் சொன்னார். தோடு வாங்கியாயிற்று, அலமாரியில் இருக்கிறது. பிள்ளைக்குக் காது எங்கேயும் ஓடிப்போகாது. இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, பகலில் லங்காவிக்குள் நுழைகிற மாதிரி கணக்குப் போட்டு, கிளம்பும்போது ஒரு வரி போடு.

அம்மா