சித்ரா பௌர்ணமி நள்ளிரவில் நிலவு உதிக்காது

நாகர்கோவிலையும் சுற்றியுள்ள ஊர்களையும் களமாக்கி மாய நாவல் வரிசை எழுதிவரும் ஆசிரியர் அவர்களுக்கும் பதிப்பாசிரியர் அவர்களுக்கும்,

வணக்கம். ஐந்தாம் பாகம் எங்களை ஏமாற்றிவிட்டது. முதல் நான்கையும் வரிவரியாகப் படித்த உரிமையில், எங்கே இடறியது என்று சொல்கிறோம்.

முதல் பாகத்தில் நீங்கள் வகுத்த விதி கச்சிதமானது. வழியில் நின்று சுண்ணாம்பு கேட்கும் யட்சிக்குக் கையால் கொடுத்தவன் அவள் பிடியில் விழுவான். கத்தி முனையில் வைத்து நீட்டினால் தப்பலாம், இரும்புக்கு அவள் அடங்குவாள். பாட்டிமார் சொல்லிவந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு, மேலே ஒன்றே ஒன்றுதான் சேர்த்தீர்கள். கண்டக்டர் வேலை பார்க்கும் நாயகி இரும்பை ஏந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு நினைவை இழப்பாள். இரண்டாம் பாகத்தில் அம்மாவின் குரல் போயிற்று. நான்காம் பாகத்தில் பிறந்த வீட்டுக்குப் போகும் வழியே மறந்தது. அவள் கத்தியை எடுத்தாலே படிக்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். ஐந்தாம் பாகத்தின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மட்டும் ஆறு தடவை எடுக்கிறாள். ஒரு நினைவுகூடப் போகவில்லை, ஏன் என்ற விளக்கமும் இல்லை. கொடுக்க வேண்டிய விலை இல்லையென்றால் பயம் எங்கிருந்து வரும்? அதற்குப் பிறகு வரும் நீண்ட சண்டையைப் பக்கம் புரட்டித்தான் கடந்தோம்.

அடுத்தது காற்றாலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் முப்பந்தல் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும். விசிறி சுற்றும்போது மட்டும் நாயகிக்கு ஆவிகளின் பேச்சு கேட்கும் என்று மூன்றாம் பாகத்தில் வைத்தீர்களே, அது அபாரமான கற்பனை. ஆடியில் அவளுக்கு எல்லாம் கேட்கும், தையில் காது அடைத்துப்போகும். புதிய பாகத்திலோ மார்கழியில் விசிறிகள் இரைந்து சுற்றுகின்றன, அவளுக்கு எச்சரிக்கையும் கேட்டுவிடுகிறது. கேட்காமல் போயிருந்தால் அந்த அத்தியாயம் எவ்வளவு கனத்திருக்கும்!

உச்சக்கட்டம் சித்ரா பௌர்ணமி. கன்னியாகுமரியில் அன்று மாலை ஆறரை மணியையொட்டி மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலவு எழும். அதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது. உங்கள் நாவலில் நள்ளிரவில் கடலிலிருந்து நிலவு உதிக்கிறது. முழுநிலவு நள்ளிரவில் உச்சிவானில் அல்லவா நிற்கும்? காட்சியை அந்திக்கு மாற்றுங்கள். கடற்கரை நிறைய ஜனம் இருக்க, யார் கண்ணிலும் படாமல் நாயகி காரியத்தை முடிக்க வேண்டிய கட்டாயமும் சேரும்.

ஊர்க்கோயில் திருவிழாவான கொடை விழாக் காட்சியில் வில்லிசைக் குழுவே இல்லை, ஒருவர் தனியாகப் பாடுகிறார். வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, புலவர் வீசுகோலால் நாணைத் தட்ட, குடம் அடிக்க ஒருவர், உடுக்கைக்கு ஒருவர், தாளத்துக்கும் கட்டைக்கும் ஆட்கள் என்று ஒரு குழுவே உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய பிசகு, தொடக்கத்துக் காப்புப் பாட்டிலேயே சாமி வந்துவிடுவது. கதை வளர்ந்து, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு ஏறிய பிறகுதான் சாமியாடி எழும்புவார். அந்தக் காத்திருப்பில்தானே பயம் ஊறும்!

சின்னப் பிழைகளும் உண்டு. நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், திருவிழா நெரிசலில் டவுன் பஸ் பத்து நிமிடத்தில் போய்ச் சேராது. மாவட்டத்தின் மேற்கே இருக்கும் விளவங்கோட்டுக்காரரும் கிழக்கே இருக்கும் தோவாளைக்காரரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். முந்தைய பாகங்களில் பேச்சை வைத்தே ஆளின் ஊரைச் சொல்லிவிடலாம்.

எதிரி இந்தத் தடவை உலகத்தையே அழிக்க வருகிறான். ஒரு தெருவை மிரட்டிய யட்சிதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தாள். உலகமே அழியும் கதை எந்த ஊரிலும் நடக்கலாம், அதற்கு நாகர்கோவில் எதற்கு?

மறுபதிப்பில் மூன்று திருத்தங்களாவது செய்யுங்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இரும்பு ஏந்துவதை இரண்டு தடவையாகக் குறைத்து, இரண்டுக்கும் நினைவிழப்பைக் காட்டுங்கள். மார்கழிக் காட்சியில் அவளுக்கு எதுவும் கேட்காமல் செய்யுங்கள். நிலவை அந்திக்குக் கொண்டுவாருங்கள்.

பதிப்பாசிரியருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். எந்தச் சக்தி யாருக்கு, என்ன விலைக்கு, எந்த மாதத்தில், எந்தப் பாகத்தின் எந்தப் பக்கத்தில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஆறாம் பாகத்தின் கைப்பிரதியை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டுப் போட நேரமில்லையென்றால் எங்களிடம் கேளுங்கள். ஐந்து பாகங்களுக்கும் நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட வாசகர்கள்